மூத்தவளும் இளையவனும்: காவிரிக் கடைமடையில் ஒரு காதல் படத்தை எழுதி எடுக்கும் முறை

வயதில் மூத்த பெண்ணுக்கும் இளைய ஆணுக்கும் இடையிலான காதலைப் படமாக்க விரும்பும் புதிய இயக்குநர்களில் பெரும்பாலோர், கதையை அந்த இளைஞனின் கண் வழியாகவே எழுதத் தொடங்குகிறார்கள். அவன் பார்க்கிறான், ஏங்குகிறான், பின்தொடர்கிறான். அவள் மறுக்கிறாள், அழுகிறாள், இறுதியில் இரங்குகிறாள் அல்லது இறந்துபோகிறாள். இப்படி எழுதப்படும் படம் எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டாலும் ஓர் இளைஞனின் ஏக்கத்தைப் பற்றிய படமாகவே நின்றுவிடும். நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு ஆசை உண்டு, அந்த ஆசை அவளுக்கே உரியது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கணக்கிட்டு முடிவெடுக்க அவளுக்குத் தெரியும் என்பதைக் காட்டும் படம்தான் தமிழில் இன்னும் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. அதைக் காவிரி டெல்டாவில் வைத்து, குறைந்த செலவில், முழு நீளப் படமாக எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழுத உட்காரும் முன் ஏற்கெனவே என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். டெல்டாவில் இந்தக் கதையைத் தொடுபவர் எவரும் தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. பாபுவும் அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனாவும் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நம் மனத்தில் நிலைத்துவிட்டவர்கள். ஞான ராஜசேகரன் 1995இல் அதைப் படமாக்கினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1975இல், கே. பாலசந்தரின் அபூர்வ ராகங்கள் ஒரு பாடகியையும் அவளை விரும்பும் இளைஞனையும் மையமாக வைத்து வெளிவந்து, இருவரும் சேராமலே முடிந்தது. இரண்டு கதைகளிலும் சங்கீதம் இருப்பதைக் கவனியுங்கள். இசை அந்தக் காதலுக்கு ஒரு புனிதத்தைக் கொடுத்து, பார்வையாளரின் கூச்சத்தைக் குறைத்தது. உங்கள் படத்துக்கு அந்த ஆதரவு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீணையை விடுங்கள், அக்கிரகாரத் திண்ணையை விடுங்கள், கும்பகோணத்துக் கோபுரங்களை விடுங்கள். சேற்றில் இறங்கி வேலை செய்யும் ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு எந்தக் கலையின் பரிந்துரையும் தேவையில்லை.

ஆகவே இடத்தைக் கடைமடைக்கு நகர்த்துங்கள். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, முத்துப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், கல்லணையில் பிரிந்த தண்ணீர் ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்துக் கிளைத்துக் கடைசியாக வந்து சேரும் நிலத்தில், மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி அணை திறக்கப்பட்டது என்ற செய்தி வந்த பிறகும் மக்கள் பல நாள் காத்திருப்பார்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி முப்போகம் எடுக்க முடியாது. பெரும்பாலும் நேரடியாக விதைத்த சம்பா ஒன்றுதான் ஆண்டு முழுவதற்கும் சோறு. இந்த ஒற்றைப் போகம் திரைக்கதைக்கு ஒரு பெரிய உதவியைச் செய்கிறது. அறுவடை ஆண்டுக்கு ஒரு முறைதான் என்றால், அறுவடைக்கு வரும் மனிதனும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருவான்.

முதலில் அவளை எழுதுங்கள்

காதலை எழுதுவதற்கு முன் அவளுடைய ஓராண்டு வரவுசெலவை எழுதி முடியுங்கள். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்து, அவளுக்கு எத்தனை மா நிலம், அதில் சொந்தம் எவ்வளவு, கோயில் நிலத்துக் குத்தகை எவ்வளவு, விதைக்கும் உரத்துக்கும் யாரிடம் கடன் வாங்கினாள், மகளிர் குழுத் தவணை எந்தக் கிழமை, நகை எந்தக் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது என்பதையெல்லாம் எழுதுங்கள். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்ற கணக்கில்தான் அவள் பேசுவாள். ஏக்கரும் ஹெக்டேரும் படிவங்களில் மட்டும் வரும். இந்த நோட்டு முடியும்போது அவளுக்கு எதை இழக்க முடியும், எதை இழக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். காதல் கதையின் விசை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

விளக்குவதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தையல்நாயகிக்கு 42 வயது. கணவன் இறந்து ஏழாண்டு ஆகிறது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். மகளுக்கு 19 வயது, திருவாரூரில் செவிலியர் படிப்பு. நிலம் கணவனும் அவன் தம்பியும் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. குமரேசனுக்கு 30 வயது, சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், நெல் அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர். தை மாதம் பிறந்ததும் சேலம், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்து லாரிகளில் ஏறி வரும், சேற்றில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டிகளில் ஒன்றோடு அவன் வருவான். மாசியில் வேலை முடிந்ததும் போய்விடுவான். மூன்று தை மாதங்கள், மூன்று அறுவடைகள்: படத்தின் அமைப்பு இவ்வளவுதான். அவளுக்கு 42, 43, 44 என்று வயது ஏறிக்கொண்டே போவதைப் படம் மறைக்கக்கூடாது.

அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவனுக்கும் அவளுக்கும் இடையே பன்னிரண்டு வயது. அவனுக்கும் அவள் மகளுக்கும் இடையே பதினொன்று. அவன் அடிக்கடி அந்த வீட்டுக்கு வந்துபோவதைப் பார்க்கும் ஊர், மகளுக்காகத்தான் வருகிறான் என்று முடிவு கட்டும். மாமியாரே கூட, நல்ல உழைப்பாளிப் பையன், படிப்பு முடிந்ததும் பேசலாம் என்று சொல்லக்கூடும். ஆண் மூத்தவனாக இருக்கும் பதினோரு ஆண்டு இயல்பு, பெண் மூத்தவளாக இருக்கும் பன்னிரண்டு ஆண்டு அசிங்கம் என்ற ஊர் வழக்கத்தை ஒரு பாத்திரம்கூட வாய்திறந்து கண்டிக்க வேண்டியதில்லை. மாமியார் வெற்றிலை போட்டுக்கொண்டே அந்த யோசனையைச் சொல்லும்போது தையல்நாயகியின் கை முறத்தில் நின்றுபோவதைக் காட்டினால் போதும். ஆனால் மகளைத் தாய்க்குப் போட்டியாக்கும் வலையில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். மேலும் மகளுக்கு அந்த ஆளைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை, தாயைப் பற்றித்தான் கவலை என்பது இன்னும் உண்மையாக இருக்கும்.

இளைஞனின் வயதிலும் தொழிலிலும் கவனமாக இருங்கள். அவன் முழு வளர்ச்சி பெற்ற, தன் சம்பாத்தியத்தில் நிற்கும் ஆணாக இருக்க வேண்டும். ஆசிரியை மாணவன் கதை வேண்டாம். ஒருவர் கையில் மற்றவருடைய மதிப்பெண்ணோ சம்பளமோ இருக்கும்போது அது விருப்பமா பணிவா என்ற கேள்வி படத்தை விழுங்கிவிடும். குமரேசன் அவளிடம் கூலி வாங்குவது இரண்டு மணி நேர அறுவடைக்கு மட்டும்தான், அதுவும் வண்டி முதலாளியின் கணக்கில். இருவரில் யாரும் மற்றவருக்குக் கட்டுப்பட்டவரல்லர்.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவில் சாதியே இல்லாதது போலப் படம் எடுப்பது பொய். அவளுடைய வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தீர்மானிக்கும்போதே நீங்கள் சாதியைத் தீர்மானித்துவிடுகிறீர்கள். ஆனால் இருவரையும் வேறு வேறு சாதியாக வைத்தால், படத்தின் முழு எடையும் அங்கே போய்ச் சேரும். வயது என்பது பின்னணியாகிவிடும். அந்தப் படத்தை எடுக்க வேண்டுமானால் அதற்குரிய துணிவோடும் ஆய்வோடும் தனியாக எடுங்கள், இதில் மேலோட்டமாகத் தூவாதீர்கள்.

நெருங்கிவரும் காட்சிகள்

இந்தக் கதையில் நெருக்கம் வேலையின் வழியாகவே வர வேண்டும். இருவருக்கும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு பூங்காவோ கடற்கரையோ இல்லை, ஊர் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. ஊர் பார்க்கும்போதே சந்தேகமில்லாமல் சேர்ந்து நிற்கக்கூடிய இடங்கள் எவை என்று தேடுங்கள். அறுவடைக் காலத்தில் அப்படி ஓர் இடம் உண்டு: விவசாயிகளிடமிருந்து அரசு நெல்லை வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை நேரில் போய்ப் பல நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள். அறுத்த நெல்லைக் கொண்டுவந்து குவித்து, முறை வரும்வரை விவசாயிகள் குவியல் பக்கத்திலேயே இரவும் பகலும் காவல் இருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பிக் காயவைக்கச் சொல்வார்கள் என்பதால், பகலெல்லாம் சாலையில் பரப்பிக் காலால் அளைந்துவிட்டு, மாலையில் மறுபடி கூட்டிக் குவிப்பார்கள். பிறகு தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, தைத்து அடுக்குவார்கள். இப்போது தை மாதத்தில் எதிர்பாராத மழை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் ஈரம் என்பதால் இயந்திரங்கள் நிற்கின்றன. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அதன் அடியிலேயே குமரேசன் படுத்திருக்கிறான். நள்ளிரவில் தூறல் பலக்கிறது. அவள் ஒற்றை ஆளாகத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை காற்றில் எழும்புகிறது. அவன் எழுந்து வந்து அந்த முனையில் கல்லை வைக்கிறான். இருவரும் பேசுவதில்லை, தார்ப்பாயின் கீழே மண்டியிட்டு, அடியில் தண்ணீர் ஏறாமல் வைக்கோலைத் திணிக்கிறார்கள். பையில் இருந்த காகிதங்கள் நனைந்துவிடும் என்று அவள் பதறும்போது, செல்பேசி வெளிச்சத்தில் அவன் அவற்றை வாங்கிச் சட்டைக்குள் வைக்கிறான்: சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவு நகல்கள், வங்கிப் புத்தகம், ஆதார் நகல். மேலே இருப்பது ஆதார் நகல். அதில் அவளுடைய பிறந்த ஆண்டு இருக்கிறது. அவன் அதைப் படித்ததை அவள் பார்த்துவிடுகிறாள். வயதைச் சொல்லும் காட்சி இதுவே. இதற்குப் பிறகு வசனத்தில் அந்த எண் வர வேண்டிய தேவை இல்லை. விடிந்ததும் அவன் குவியலின் உள்ளிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, நறுக்கென்று உடைகிறது, பயமில்லை என்று சொல்லட்டும்.

இன்னொரு காட்சி. நெல் அறுப்பவர்களுக்குச் சுணை பெருந்தொல்லை. இயந்திரத்தின் மேல் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவனின் கழுத்தும் முழங்கையும் தூசியால் சிவந்து தடித்திருக்கும். அவள் தேங்காயெண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வாசற்படியில் வைக்கிறாள். அவன் அதைத் தடவிக்கொள்வதை உள்ளிருந்து பார்க்கிறாள். இந்த இடத்தில் கேமரா அவளுடைய கண்ணாக இருக்க வேண்டும்: அவன் பின்கழுத்து, தோள், விரலிடுக்கில் வழியும் எண்ணெய். நம் படங்கள் பெண்ணுடலை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கின்றன. ஒரு நடுத்தர வயதுப் பெண் ஆணை விருப்பத்தோடு பார்ப்பதைச் சலனமில்லாமல் பத்து நொடி காட்டினாலே அரங்கம் அமைதியாகிவிடும். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் வரை வெட்டாதீர்கள்.

ஆடிப்பெருக்கைப் படத்தில் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். படித்துறையில் பெண்கள் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டுவந்து காவிரிக்குப் படைத்து, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் நாள் அது. கணவனை இழந்தவளுக்கு அதில் இடம் கிடையாது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று அழுவதாக எழுதுவது மிகச் சுலபம், அதனாலேயே வேண்டாம். படித்துறையில் கூட்டம் இருக்கும் அதே நேரத்தில், அதே புதுத்தண்ணீரை அவள் மண்வெட்டியால் மடையைத் திறந்து தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கட்டும். குமரேசன் அப்போது ஆத்தூரில் இருக்கிறான். தொலைபேசியில் அவள் சொல்லும் ஒரே செய்தி, தண்ணீர் வந்துவிட்டது என்பதாக இருக்கட்டும்.

மயிலாடுதுறையில் ஐப்பசி முழுவதும் காவிரியில் துலா முழுக்கு என்ற புனித நீராடல் நடந்து, கடைசி நாளில் கடைமுகம் என்ற நிறைவு நீராடல் முடிந்த பிறகு, தாமதமாக வந்து சேர்ந்த முடவனுக்காக இறைவன் அருளினார் என்று கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கு நடக்கிறது. கூட்டம் வடிந்த அந்தத் துறையில் இருவரும் ஒரு முறை சந்திப்பதாக வைக்கலாம். காலம் கடந்து வருபவருக்கும் இடமுண்டு என்ற நினைப்பு அந்த நாளுக்குள்ளேயே இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம், மற்றவர்கள் புரியாமல் போனாலும் காட்சிக்குக் குறைவில்லை.

பேச்சு

தமிழில் இந்தக் கதைக்கு வசனம் எழுதுபவருக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வரும். அவன் அவளை எப்படி அழைப்பான்? வெளியூர் ஓட்டுநர் நிலத்துக்காரப் பெண்ணை அக்கா என்றுதான் அழைப்பான். அவள் அவனைத் தம்பி என்பாள். உறவுமுறையாக அந்தச் சொற்கள் போடும் வேலி நிஜமானது, அதைத் தாண்டாமல் காதல் நகராது. திரைக்கதையின் எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் நின்றுபோகிறது என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அவன் சட்டென்று பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. முதலில் எதுவும் சொல்லி அழைக்காமல், எதிரில் வந்து நின்று பேச ஆரம்பிக்கட்டும். சில வாரம் கழித்து, ஏங்க என்று ஒரு முறை சொல்லட்டும். அவள் அவனைக் கடைசி வரை வா, போ என்றே பேசட்டும். காதல் வந்ததும் பெண் மரியாதைப் பன்மைக்கு மாறுவது வழக்கமான படங்களின் பழக்கம். தையல்நாயகி அதைச் செய்யாமல் இருப்பதே அவளுடைய குணம்.

வட்டார வழக்கில் மதுரையையும் திருநெல்வேலியையும் கலந்துவிடாதீர்கள். கடைமடைக்காரர்களின் பேச்சு அவற்றைவிடத் தணிந்தது. ஏற்ற இறக்கம் குறைவு. குமரேசனின் பேச்சில் மட்டும் சேலத்து வாடை இருக்கட்டும். அவளுடைய மகள் அதை ஒரு முறை பழித்துக் காட்டினால், அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்துவிட்ட இடம் தெரிந்துவிடும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும்

வில்லனை உருவாக்காதீர்கள். அரிவாளோடு வரும் கொழுந்தன் இந்தக் கதையைக் கெடுத்துவிடுவான். உண்மையான எதிர்ப்பு நிலத்திலிருந்தும் கடனிலிருந்தும் கிளம்பும். கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு செய்யப்படாத பங்கு அவளுடையது. அவள் மறுமணம் செய்துகொண்டால் அந்தப் பங்கு வெளியூர்க்காரனிடம் போய்விடும் என்று கொழுந்தன் அஞ்சுகிறான். அவனுடைய அச்சமும் நியாயமானதாகத் தோன்றும்படி எழுதுங்கள். கஜா புயல் வீசிய 2018 நவம்பரில் தென்னையை இழந்தவன், மகனைக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியவன் என்றெல்லாம் அவனுக்கும் ஒரு வாழ்க்கை கொடுங்கள்.

சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதுவது அவசியம், ஏனெனில் பார்ப்பவர்கள் படத்தில் வருவதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கணவனின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், கணவனின் தாய் ஆகியோர் முதல் நிலை வாரிசுகள்; அப்படி வந்து சேர்ந்த பங்கை மனைவி பின்னர் மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காகப் பறிக்க முடியாது. அதாவது மாமியாரும் பங்காளி. அந்த வயதான பெண்ணின் கைநாட்டுக்காக இரு தரப்பும் காத்திருக்கும் நிலையில், மாமியாரின் பாத்திரம் படத்தின் மிகச் சிறந்த பாத்திரமாக வளர வாய்ப்பிருக்கிறது. கணவன் அரசு ஊழியனாக இருந்ததாக எழுதுவீர்களானால், குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு பொதுவாக நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அது இன்னொரு வகையான கதை.

திருமணத்துக்கு ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்ற குறைந்த வயதுதான் சட்டத்தில் உண்டு. யார் மூத்தவர் என்ற கேள்வியே அதில் இல்லை. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லுபடியாகும். மாலை மாற்றிக்கொள்வதே போதும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், இருவரின் பெயரும் வயதும் எழுதிய அறிவிப்பு பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் ஒட்டப்படும். அதை யாரோ ஒருவர் செல்பேசியில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, எந்தச் சண்டைக் காட்சியையும்விடக் கொடியது. மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோகட்டும். தவணைப் பணத்தை எண்ணும் ஒலி மட்டும் கேட்கட்டும்.

நடிகர்களும் படப்பிடிப்பும்

தையல்நாயகியாக நாற்பதைக் கடந்த பெண்ணே நடிக்க வேண்டும். 28 வயது நடிகைக்கு நெற்றியோரம் வெள்ளை பூசி நிறுத்துவது இந்தப் படத்தின் அடிப்படையையே மறுப்பதாகும். பெயர் பெற்ற நடிகை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மேடை நாடகக்காரர்களிடையே தேடுங்கள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையில் விசாரியுங்கள். அவள் மண்வெட்டி பிடிக்கும் விதம், முந்தானையைச் செருகும் விதம், வரப்பில் வெறுங்காலால் நடக்கும் வேகம் ஆகியவை ஒத்திகையில் வராது; படப்பிடிப்புக்கு முன் அந்த ஊரிலேயே தங்கி வேலை செய்தால்தான் வரும். ஒப்பனையில் தோலை வெளுக்க வேண்டாம். கூந்தலுக்குச் சாயம் பூசும் சாஷே ஒன்றை அவள் சந்தையில் வாங்கி அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும், குமரேசன் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் போக, மகள் மட்டும் கவனித்துவிடுவதும் இரண்டாவது தை மாதத்தில் வரலாம்.

நெருக்கமான காட்சிகளுக்கு, எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்பதை இரு நடிகர்களோடும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதைத் தாண்டி எதுவும் கூடாது. அந்த நாளில் தளத்தில் தேவையானவர்கள் மட்டும் இருக்க வேண்டும், கேமராவுக்குப் பின்னால் பெண்கள் இருக்க வேண்டும். கிராமத்து வீட்டில் எடுக்கும்போது வாசலில் கூட்டம் கூடும் என்பதால் அத்தகைய காட்சிகளை வேறு ஊரில், வாடகை வீட்டில் எடுப்பது நல்லது. நடிகையின் மானம் அந்த ஊரில் பேசுபொருளாகிவிடக் கூடாது.

காலத்தைத் தவறவிட்டால் டெல்டா உங்களுக்காக நிற்காது. வரப்பு மறைய பச்சை வேண்டுமானால் நவம்பர், டிசம்பர். ஆனால் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அப்போதுதான். கதிர் பழுத்த நிறம் ஜனவரிப் பிற்பகுதியில், கடைமடையில் பிப்ரவரி வரையும் இருக்கும். அந்த நாள்களில் காலைப் பனி ஏழு, எட்டு மணி வரை நிற்பதால் மென்மையான வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள். அதன் பின் ஆறுகள் மணலாகவும் ஆகாயத்தாமரை காய்ந்த வாய்க்கால்களாகவும் ஆகிவிடும். மார்ச் மாதம் வந்து நீர் நிறைந்த ஆற்றைத் தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுத்த வயலில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும் மாசி மாதப் பசுமை நெற்பச்சையிலிருந்து வேறுபட்டது, தரையோடு தரையாக இருப்பது; குமரேசன் போன பிறகான காட்சிகளுக்கு அது பொருந்தும்.

அறுவடைக் காட்சிகளை உண்மையான அறுவடையோடு சேர்த்து எடுங்கள். வண்டிக்கு மணிக் கணக்கில் வாடகை. நிலத்துக்காரர் உங்கள் படத்துக்காக இரண்டாம் முறை அறுக்க முடியாது. இரண்டு கேமரா வையுங்கள். இயந்திர இரைச்சலில் வசனம் பதிவாகாது என்பதால், அங்கே வசனம் எழுதாதீர்கள். இருவரும் கை சைகையால் பேசிக்கொள்வதே பொருத்தம். பெரிய கோயிலும் தாராசுரமும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழும், பெரும்பாலான மற்றக் கோயில்கள் அறநிலையத் துறையின் கீழும் வருகின்றன. இரயில் நிலையத்துக்கு இரயில்வே அனுமதி தனி. நான் சொல்லும் கதைக்கு இவற்றில் ஏதும் பெரிதாகத் தேவைப்படாது என்பது இன்னொரு வசதி. கொள்முதல் நிலையத்தின் உள்ளே படமெடுக்க நுகர்பொருள் வாணிபக் கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாலையோரக் குவியல்களே போதும்.

பின்னணி இசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் தவளைகள், விடியற்காலையில் தொலைவிலிருந்து வரும் கூம்பு ஒலிபெருக்கி, தார்ப்பாயில் விழும் தூறல் ஆகியவற்றைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு வந்துவிடுங்கள்.

முடிவும் அதன் பிறகும்

அவளைக் கொல்லாதீர்கள். நோய், விபத்து, ஆற்றில் குதித்தல் எதுவும் வேண்டாம், தியாகமும் வேண்டாம். மூத்த பெண்ணின் காதலுக்கு மரணமோ துறவோதான் முடிவு என்று நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். மூன்றாவது தை மாதத்தில் அவள் ஒரு முடிவெடுக்க வேண்டும், அதை அவளே சொல்ல வேண்டும், அதன் விளைவு ஒன்றையாவது நாம் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், உட்பிரிவு செய்த பட்டா கைக்கு வந்த பிறகே அவள் பதிலைச் சொல்வதாக எழுதுவேன். அவனோடு ஆத்தூர் போகமாட்டாள். வேண்டுமானால் நீ இங்கே வா, வண்டியை இங்கே நிறுத்து என்பாள். அவன் வருகிறானா இல்லையா என்பது உங்கள் விருப்பம், ஆனால் கேட்பவள் அவளாக இருக்கட்டும்.

படத்தொகுப்பின்போது ஒவ்வொரு காட்சிக்கும், இது யாருடைய ஆசையில் நிற்கிறது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். அவன் பெயர் தொடர்ந்து வந்தால், இடையில் வெட்டியெறிந்த அவளுடைய காட்சி ஏதேனும் இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். தணிக்கைக்கு அனுப்பும்போது, 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்று வயது நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நினைவில் கொண்டு, எந்த நிலைக்கு உங்கள் படம் பொருந்தும் என்பதைத் தொகுப்பு மேசையிலேயே தீர்மானித்துக்கொள்வது பின்னால் வரும் வெட்டுகளைத் தவிர்க்கும்.

முதல் காட்சியைச் சென்னையில் நண்பர்களுக்குப் போடுவதற்கு முன், படம் எடுத்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ, கல்யாண மண்டபத்தில் திரை கட்டி, பெண்களுக்கு மட்டுமான ஒரு காட்சி போடுங்கள். நாற்று, களை, அறுவடை இல்லாத ஒரு மாலைப் பொழுதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒலிவாங்கியைக் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் கருத்துக் கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் குழுவிலுள்ள பெண்கள் அவர்களோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் இவள் நம்மூர்க்காரி இல்லை என்று தோன்றியது என்ற ஒரே கேள்வியைக் கேட்கட்டும். வரும் பதில்களை எழுதிக்கொண்டு, தொகுப்பைப் பூட்டுவதற்கு முன் மறுபடியும் மேசைக்குப் போங்கள்.